வாசலைத் தாண்டிய பிறகு

சொந்த வீடும் மொட்டை மாடியும் இல்லாதவர்கள் பசுமையாக வாழ முடியுமா? தில்லி அரசுக் குடியிருப்பு ஒன்றை வைத்து ஒரு கணக்கு.

தென் தில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது லக்ஷ்மிபாய் நகர். ஜான்ஸி ராணியின் பெயர் தாங்கிய இந்த மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு தமிழர்களுக்கு அந்நியமான இடமல்ல. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் நடத்திவரும் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட், சஷ்டிக்கும் கிருத்திகைக்கும் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் என்று பல தலைமுறை குமாஸ்தாக்களும் செக்‌ஷன் ஆபீஸர்களும் இந்த வட்டாரத்தில் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

அரசுக் குவார்ட்டர்ஸ் வாழ்க்கைக்கு என்று ஓர் இலக்கணம் உண்டு. சுவரும் கூரையும் அரசாங்கத்தின் சொத்து. ஆணி அடிக்கலாம், சுவரை இடிக்க முடியாது. குழாய் ஒழுகினால் மத்தியப் பொதுப்பணித் துறையின் 'என்கொயரி' அலுவலகத்தில் புகார் எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாற்றல் உத்தரவோ ஓய்வு பெறும் தேதியோ வந்தால் சாவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு என்று பத்திரிகைகளும் விளம்பரங்களும் காட்டும் வீட்டுக்கும் இதற்கும் வெகு தூரம். அந்த வீட்டின் மாடியில் சூரிய ஒளித் தகடு இருக்கிறது. கொல்லையில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி இருக்கிறது. குவார்ட்டர்ஸ்காரர் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. பெங்களூரிலோ மும்பையிலோ சென்னையிலோ வாடகை வீட்டில் இருப்பவரின் நிலையும் இதேதான். நாட்டின் பெருநகரங்களில் மிகப் பலர் இந்த ரகத்தைச் சேர்ந்தவர்கள். பசுமை வாழ்க்கை என்பது வீட்டுச் சொந்தக்காரர்களின் பொழுதுபோக்கு என்று இவர்கள் நினைத்தால் அதில் தவறு சொல்ல முடியாது.

ஆனால் கொஞ்சம் யோசித்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. வீடு யாருடையதானாலும் வீட்டிலிருந்து வெளியே போகிறவை குடியிருப்பவர் கையில்தான் இருக்கின்றன. குப்பைக் கூடையில் விழுவது, சாக்கடைக் குழாயில் இறங்குவது, மின்சார மீட்டரில் ஓடுவது, வேண்டாம் என்று கழித்துக் கட்டுவது. இவை வாசலைத் தாண்டி எங்கே போகின்றன என்று தெரிந்துகொண்டால் எதை மாற்றுவது பயன் தரும், எது வெறும் திருப்திக்காகச் செய்வது என்பது தானாகவே பிடிபட்டுவிடும்.

குப்பை: ஒரு மண்பானை போதும்

காலையில் குப்பை வண்டி வருகிறது. காபித் தூள் வண்டல், வெண்டைக்காய்க் காம்பு, நேற்றைய சாதம், பால் பாக்கெட், மாத்திரை அட்டை, பழைய பேட்டரி எல்லாம் ஒரே பையில் கட்டி வண்டியில் ஏறுகின்றன. அந்த நிமிடத்தோடு அது பிறத்தியார் பிரச்சினை ஆகிவிடுகிறது.

பிறத்தியார் யார்? கிழக்கு தில்லியின் காஜிபூர் குப்பை மேடு 1984-இல் தொடங்கப்பட்டது. 2002-இலேயே அதன் கொள்ளளவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் குப்பை போய்க்கொண்டே இருந்ததில், 73 மீட்டர் உயரமுள்ள குதுப் மினாரை எட்டிப் பிடித்துவிடுமோ என்று செய்தித்தாள்கள் எழுதும் அளவுக்கு அது வளர்ந்தது. 2017 செப்டம்பர் 1 அன்று மேட்டின் ஒரு பகுதி சரிந்து, பக்கத்துச் சாலையில் போய்க்கொண்டிருந்தவர்களை வாகனங்களோடு கால்வாயில் தள்ளியது. இரண்டு பேர் இறந்தார்கள். வடக்கே பல்ஸ்வா மேடு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்தது. 2024 ஏப்ரலில் காஜிபூர் மறுபடியும் பற்றிக்கொண்டது. தெற்கே ஒக்லாவில் ஒரு மேடும், 2012-இலிருந்து குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் இருக்கின்றன. அந்த ஆலையின் புகையை எதிர்த்துச் சுற்றுப்புறத்துக் குடியிருப்பாளர்கள் ஆண்டுக் கணக்கில் வழக்காடியிருக்கிறார்கள்.

குப்பை மேடு ஏன் தானாகப் பற்றுகிறது? இந்திய நகரங்களின் வீட்டுக் குப்பையில் பாதி அளவுக்குச் சமையலறைக் கழிவுதான். காற்றுப் புகாமல் புதைந்து கிடக்கும் ஈரக் கழிவு அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. கோடையில் அது தீயைப் பற்ற வைக்கிறது. தீப்பிடிக்காமல் காற்றில் கலந்தாலும் தொல்லைதான்: 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது. குப்பையை எரிக்கும் ஆலைக்கும் ஈரக் கழிவு எதிரி. அதிலுள்ள தண்ணீரைச் சுண்ட வைப்பதிலேயே வெப்பம் வீணாகிறது. காய்கறித் தோல் பட்டுப் பிசுபிசுத்த காகிதத்தைப் பழைய பேப்பர்காரரும் வாங்க மாட்டார்.

ஆக, எல்லாச் சிக்கலும் ஈரத்தில் இருக்கிறது. ஈரக் கழிவை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் மீதிக் குப்பை உலர்ந்து, நாற்றமில்லாமல், விலைக்குப் போகும் சரக்காகிவிடும். 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான வீட்டுக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டன. பச்சை டப்பாவும் நீல டப்பாவும் பல வாசல்களுக்கு வந்துசேர்ந்தன. பழக்கம்தான் அவ்வளவு வேகத்தில் வரவில்லை.

இதற்கு வழிகாட்டத் தமிழர்களுக்கு அயல் தேசம் போக வேண்டியதில்லை. சென்னையில் 1989-இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவாசிகளே சேர்ந்து தங்கள் தெருக் குப்பைக்குப் பொறுப்பேற்கும் முறையைக் கொண்டுவந்தது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் ஆலப்புழையின் கதை இன்னும் கூர்மையானது. நகரக் குப்பையெல்லாம் சர்வோதயபுரம் என்ற கிராமத்தில் கொட்டப்பட்டது. 2012-இல் கிராம மக்கள் லாரிகளை மறித்தார்கள். குப்பை நகரத்துக்குள்ளேயே தேங்கி நாறியது. வேறு வழியில்லாமல் நகராட்சி குழாய் உரத் தொட்டிகளையும் சிறு எரிவாயுக் கலன்களையும் மானிய விலையில் வீடுகளுக்குத் தந்தது. அவரவர் ஈரக் குப்பை அவரவர் வீட்டில் என்றது. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையைச் சிறப்பாகக் கையாளும் ஐந்து நகரங்களைக் குறிப்பிட்டபோது ஜப்பானின் ஒசாகாவோடு ஆலப்புழையும் அந்தப் பட்டியலில் இருந்தது. லாரிகளை மறித்த கிராமம்தான் நகரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது.

குவார்ட்டர்ஸில் செய்வது எளிது. வாயகன்ற மண்பானை ஒன்று. பக்கவாட்டில் நாலைந்து துளை, அடியில் ஒரு துளை. அடியில் தேங்காய் நார் அல்லது காய்ந்த இலை இரண்டு அங்குலம். அன்றாடக் காய்கறித் தோல், பழத் தோல், காபி வண்டல், தேயிலை, வாடிய பூ ஆகியவற்றைப் போட்டு அதற்குச் சம அளவோ கூடவோ காய்ந்த இலைச் சருகால் மூட வேண்டும். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் நுண்ணுயிர்கள் வேலையைச் சீக்கிரம் ஆரம்பிக்கும். வாரம் இரு முறை கிளறிவிட வேண்டும். பானை நிறைந்தால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த பானை. இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் மழை பெய்த மண் வாசனையோடு கறுப்பு உரம் இருக்கும். பெங்களூரில் 2006-இல் பூனம் பீர் கஸ்தூரி தொடங்கிய டெய்லி டம்ப், அடுக்குச் சுடுமண் பானைகளைப் பால்கனிக்கு ஏற்ற வடிவில் செய்து விற்கிறது. வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் வாளியும் இந்த வேலையைச் செய்யும்.

பாதியில் கைவிடுபவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள்: நாற்றம், பூச்சி. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. ஈரம் அதிகம், சருகு குறைவு. ஒரு பிடி சருகு கூடுதலாகப் போட்டுக் கிளறினால் மூன்றே நாளில் சரியாகும். எண்ணெய்ப் பண்டங்கள், மீன், இறைச்சி ஆகியவற்றைப் பானையில் போடாமல் இருப்பது நல்லது. தில்லியின் மே மாத அனல் காற்றில் பானை காய்ந்துவிடும். தண்ணீர் தெளிக்க வேண்டும். ஜனவரிக் குளிரில் இட்லி மாவு பொங்க மறுப்பதுபோல் உரமும் மெதுவாகத்தான் மக்கும். வெயில் விழும் இடத்துக்குப் பானையை நகர்த்தினால் போதும். நாலு பேர் குடும்பத்தில் நாளுக்கு முக்கால் கிலோ ஈரக் கழிவு என்று வைத்தால்கூட ஆண்டில் 270 கிலோ குப்பை லாரி ஏறாமல் நின்றுவிடுகிறது.

'நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம், வண்டிக்காரர் ஒன்றாகக் கொட்டிவிடுகிறாரே' என்ற அங்கலாய்ப்பு எல்லா நகரங்களிலும் கேட்கிறது. பல இடங்களில் அது உண்மையும்கூட. பானையின் பலம் இங்கேதான் தெரிகிறது. ஈரம் வீட்டைத் தாண்டவே இல்லை என்றால் கலப்பதற்கு எதுவுமில்லை. தெருவே சேர்ந்தால் இன்னும் நல்லது. லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அரவிந்தர் மார்க்கில் சில கிலோமீட்டர் தெற்கே போனால் வரும் நவஜீவன் விஹாரில் குடியிருப்போர் சங்கமே முன்னின்று, பிரிக்காத குப்பையை எடுப்பதில்லை என்று முடிவு செய்தது. ஈரக் கழிவைக் காலனிக்குள்ளேயே உரமாக்கத் தொடங்கியது.

சருகு: குப்பையல்ல, பாதி உரம்

பானைக்கு வேண்டிய சருகுக்கு எங்கே போவது? தில்லியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை வேம்பும் அரசும் இலை உதிர்க்கின்றன. ஹிந்தியில் 'பத்ஜட்' என்று சொல்லப்படும் இந்தப் பருவத்தில் பழைய அரசுக் குடியிருப்புகளின் தெருக்கள் மஞ்சள் விரிப்பாகிவிடும். பெருக்கிக் குவித்து ஒரு தீக்குச்சி கிழிப்பதுதான் நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலைநகரில் குப்பையையும் இலையையும் திறந்தவெளியில் எரிக்கத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. தடைக்கு முழுப் பலன் கிடைத்துவிடவில்லை. டிசம்பர் இரவில் காவலாளி குளிர் காய இலையைக் கொளுத்துகிறார். அவரைக் கோபிப்பதைவிட ஒரு ஹீட்டரோ கம்பளியோ தருவது குடியிருப்புக்கும் காற்றுக்கும் நல்லது.

மார்ச் மாதத்தில் இரண்டு சாக்குச் சருகைச் சேமித்து வைத்தால் ஒரு பானைக்குப் பல மாதம் வரும். பூங்காவின் மூலையில் மூன்றடி ஆழக் குழி வெட்டி இலையைப் போட்டு, அவ்வப்போது தண்ணீர் தெளித்து வந்தால் சில மாதங்களில் இலை உரம் தயார். குழி வெட்டத் தோட்டக்கலைப் பிரிவின் அனுமதி வேண்டும். அந்த ஒரு மனுவை எழுதுவது குவார்ட்டர்ஸ்காரர்களுக்குக் கைவந்த கலை.

சருகைச் சுமையாகப் பார்ப்பவருக்கு மரமும் சுமையாகத்தான் தெரியும். இந்த வட்டாரத்தில் அது வெறும் பேச்சு அல்ல. சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டும் திட்டத்துக்கு 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்காகப் பல்லாயிரம் மரங்கள் வெட்டப்படும் என்று 2018 ஜூனில் தெரியவந்தபோது மக்கள் சரோஜினி நகரில் திரண்டு மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு மரம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. திட்டத்தின் வரைபடத்தைத் திருத்தி மரங்களைக் காப்பதாக மத்திய அரசும் சொல்ல நேர்ந்தது. சொந்தமில்லாத வீட்டின் வாசலில் நிற்கும் சொந்தமில்லாத மரத்துக்காகவும் குடியிருப்பவர்கள் பேச முடியும் என்பதற்கு அது சாட்சி.

தண்ணீர்: வருவது எங்கிருந்து, போவது எங்கே

தில்லிக் குழாயில் வரும் தண்ணீர் நீண்ட பயணம் செய்து வருகிறது. யமுனையிலிருந்து ஹரியானா கால்வாய்கள் வழியாக, தெஹ்ரி அணையிலிருந்து மேல் கங்கைக் கால்வாய் வழியாக, பக்ரா அணையிலிருந்து என்று பல மாநிலங்கள் விட்டுக்கொடுத்தால்தான் தலைநகரின் வாளி நிறையும். தண்ணீர் வற்றினால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்து சேர்ந்த காட்சியைச் சென்னை மறந்திருக்காது.

ஒழுகும் குழாயிலிருந்து தொடங்கலாம். இரவு படுக்கும்போது அடியில் ஒரு பாத்திரம் வைத்துவிட்டுக் காலையில் அளந்து பார்த்தால் அந்த வீட்டுக்கான புள்ளிவிவரம் கிடைத்துவிடும். அந்த அளவையும் சேர்த்து என்கொயரி புகாரில் எழுதலாம். ஷவரில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வரை போகும்; ஒரு வாளியும் சொம்பும் வைத்துக் குளித்தால் இருபது லிட்டரில் முடிந்துவிடும். பழைய கழிவறைத் தொட்டி ஒரு தடவைக்குப் பத்து லிட்டருக்குமேல் கொட்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடித் தொட்டிக்குள் வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம்.

பலர் கவனிக்காத பெரிய ஓட்டை ஆர்.ஓ. குடிநீர்க் கருவி. வீட்டில் பயன்படும் பல கருவிகள் ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்குச் சுமார் மூன்று லிட்டரைக் கழித்து வெளியே விடுகின்றன. நாளுக்குப் பதினைந்து லிட்டர் எடுக்கும் வீட்டில் நாற்பத்தைந்து லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு கரைந்துள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை என்பதே 2019-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் நிலைப்பாடு. ஆற்று நீர் வரும் பல பகுதிகளுக்குக் கொதிக்க வைத்தலோ புற ஊதாக் கருவியோ போதுமானது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உப்பு அளக்கும் கருவியை அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒன்று வாங்கினால் தெருவுக்கே விடை கிடைக்கும். ஆர்.ஓ. வேண்டும் என்றே முடிவானால் அது கழிக்கும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். செடிக்கு மட்டும் தொடர்ந்து ஊற்ற வேண்டாம், உப்பு படிந்துவிடும்.

வெளியே போகும் தண்ணீரின் கதை இன்னும் சோகமானது. இந்தப் பகுதியில் ஓடும் குஷக் நாலா, பாராபுல்லா நாலாவோடு சேர்ந்து யமுனையில் கலக்கிறது. மழைநீருக்காக ஏற்பட்ட நாலாக்களில் தில்லி முழுவதும் சாக்கடையும் கலந்து ஓடுகிறது. வஜீராபாத்துக்கும் ஒக்லாவுக்கும் இடைப்பட்ட 22 கிலோமீட்டர், யமுனையின் மொத்த நீளத்தில் 2 சதவீதம்கூட இல்லை. நதியின் மாசில் முக்கால் பங்குக்குமேல் சேர்வது இந்தத் தூரத்தில்தான். ஆண்டுதோறும் தீபாவளி, சட் பூஜை சமயத்தில் காலிந்தி குஞ்ச் அருகே நதி முழுக்க வெள்ளை நுரை மிதப்பதற்குச் சோப்புத் தூள்களில் உள்ள ரசாயனங்களும் பாஸ்பேட்டும் முக்கியக் காரணங்கள்.

வீட்டில் இதற்குச் செய்யக்கூடியது சோப்புத் தூளை அளந்து போடுவது. நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்பது விளம்பரம் ஊட்டிய நம்பிக்கை. பாக்கெட்டில் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தால் துணியில் வித்தியாசம் தெரியாது. தில்லி மளிகைக் கடைகளில் 'ரீட்டா' என்று கேட்டால் கிடைப்பது ஊரில் பாட்டிமார் பட்டுப் புடவைக்கும் வெள்ளிக்கும் பயன்படுத்திய பூந்திக்கொட்டையின் வடநாட்டுச் சகோதரன். இரவில் ஊறவைத்துக் காலையில் கசக்கினால் மென்துணிகளுக்கும் நகைக்கும் போதிய நுரை வரும். உபயோகித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் பழைய செய்தித்தாளால் வாணலியைத் துடைத்துவிட்டுக் கழுவுவது குழாயையும் காக்கும், நதியையும் காக்கும்.

மின்சாரம்: ஏ.சி.யும் வெட்டிவேரும்

2018 அக்டோபரில் பதர்பூர் அனல் மின் நிலையம் மூடப்பட்ட பிறகு தில்லி எல்லைக்குள் நிலக்கரி மின் நிலையம் எதுவும் இல்லை. அதற்காக நிலக்கரி எரியவில்லை என்று பொருளல்ல. வேறு மாநிலத்தில் எரிகிறது. 2024 ஜூன் 19 அன்று தில்லியின் மின் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அந்த உச்சத்துக்குக் காரணம் குளிர்சாதனம். ஆகவே விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான் என்றாலும் பெரிய கணக்கு ஏ.சி.யில் இருக்கிறது.

ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு பத்து மணி நேரம் எரிந்தாலும் பத்தில் ஒரு யூனிட்கூட ஆகாது. ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை யூனிட் வரை சாப்பிடும். ஓர் இரவில் எட்டு மணி நேரம், ஆண்டில் 120 இரவு என்றால் 1,400 யூனிட்டுக்குமேல். அதே நேரத்துக்கு 200 வாட் கூலர் ஓடினால் 192 யூனிட். ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை தில்லியின் வறண்ட வெயிலுக்குக் கூலரே உத்தமம். வட இந்தியர்கள் 'கஸ்' என்று தட்டியாகக் கட்டித் தண்ணீர் தெளிப்பது வேறெதுவுமல்ல, ஊரில் பானைத் தண்ணீரில் போடும் வெட்டிவேர்தான். கூலர் தண்ணீரை வாரம் ஒரு முறை வடித்துக் காய வைக்காவிட்டால் டெங்குக் கொசு குடியேறும் என்பதை மறக்கக் கூடாது. ஜூலையில் மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் கூலர் பயன்படாது. அப்போது ஏ.சி. போடுபவர்கள் 24 டிகிரிக்குமேல் வைத்து, கூடவே மின்விசிறியைச் சுழல விடலாம். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 ஜனவரியிலிருந்து புதிய ஏ.சி.க்கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்குவதும் இதன் ஏற்பாடே.

சாதாரண மின்விசிறி 75 வாட்; புதுவகை பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 15 மணி, ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்தால் விசிறி ஒன்றுக்கு 135 யூனிட் மிச்சம். மாற்றலாகிப் போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம் என்பது கூடுதல் வசதி. குளிர்காலத்தில் கீஸர்தான் ஏ.சி.யின் தம்பி. 2,000 வாட் கீஸர் அரை மணியில் ஒரு யூனிட். வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்து முடித்தால் ஒரே தடவை சுட வைத்தால் போதும்.

பழையது: மாற்றல் உத்தரவு வரும்போது

குவார்ட்டர்ஸில் குப்பை மலைபோல் குவியும் நாள் ஒன்று உண்டு. அது மாற்றல் நாள். பத்தாண்டுகள் சேர்ந்த பொருட்கள் ஒரே வாரத்தில் வேண்டாதவை ஆகிவிடுகின்றன. தலைநகரில் இதற்கு அருமையான ஏற்பாடு இருக்கிறது: கபாடிவாலா. காகிதம், இரும்பு, பாட்டில், பிளாஸ்டிக் என்று இவரும் குப்பை பொறுக்குவோரும் தரம் பிரித்து எடுக்கும் சரக்கு அரசாங்கச் செலவில்லாமல் மறு உபயோகத்துக்குப் போகிறது. உலர்ந்த, சுத்தமான சரக்கைக் கொடுப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. பால் பாக்கெட்டைக் கழுவி உலர்த்தி வைக்க அரை நிமிடம் ஆகும். உடைந்த கண்ணாடி, ஊசி, நாப்கின் ஆகியவற்றைத் தனியே காகிதத்தில் சுற்றிக் குறியிட்டுத் தருவது பசுமைக்காக மட்டுமல்ல. வெறும் கையால் அதைப் பிரிப்பது ஒரு மனிதர். பாதரசம் உள்ள டியூப் லைட், பேட்டரி, காலாவதி மருந்து ஆகியவற்றையும் தனியே வைக்க வேண்டும்.

துணிகளுக்கு வேறு வழி. 1999-இல் தில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச், நகரத்தின் பழைய துணியைக் கிராமங்களின் வேலைக்குக் கூலியாகவும் வெள்ள நிவாரணமாகவும் மாற்றுகிறது. இதற்காக அவருக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. கிழியாத, துவைத்த துணியாக இருக்க வேண்டும். ஆனால் கொடுப்பதைவிட வாங்காமல் இருப்பது பெரிது. ஒரு பருத்திச் சட்டைக்குப் பருத்தி விளைவிப்பதிலிருந்து சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது உலக வனவிலங்கு நிதியத்தின் கணக்கு. நடந்து போகும் தூரத்தில் சரோஜினி நகர் மார்க்கெட் மலிவு விலைத் துணியைக் குவித்து வைத்திருக்கும் இடத்தில் இது கடினமான விரதம்தான்.

பைக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் ஸ்ட்ரா, பிளாஸ்டிக் தட்டு போன்றவற்றுக்குத் தடை. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் தில்லித் தமிழ் வீடுகளில் அலமாரி நிறையத் தூங்குகின்றன. துணிப்பையின் பலன் அது எத்தனை தடவை கடைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. புதிதாகப் பத்து 'பசுமைப் பை' வாங்குவது எந்தப் பலனும் தராது.

யார் செய்வது?

இந்தப் பட்டியலைப் படிக்கும் குடும்பத் தலைவி ஒரு கேள்வி கேட்பார். பானையைக் கிளறுவது, பாக்கெட் கழுவுவது, கழிவு நீரைப் பிடித்து வைப்பது எல்லாம் யார் தலையில்? பசுமைப் பிரச்சாரங்கள் சொல்லாமல் விடும் விஷயம் இது. வீட்டு வேலைக்கு வருபவர் தலையிலோ இல்லத்தரசி தலையிலோ மட்டும் ஏற்றப்படும் புது வழக்கம் ஒரு மாதத்துக்குமேல் தாங்காது. தாங்க வேண்டும் என்ற நியாயமும் இல்லை. பானை குடும்பத் தலைவருக்கு, காகிதமும் பாக்கெட்டும் பிள்ளைகளுக்கு, மீட்டர் கணக்கு எழுதுவது தாத்தாவுக்கு என்று பங்கு போட்ட வீட்டில்தான் அது நிலைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதுமில்லை. பலன் அதிகம், சிரமம் குறைவு என்ற வரிசையில் வைத்தால் ஈரக் குப்பைப் பானை முதலில் வரும். அடுத்து ஏ.சி.யும் கீஸரும், பிறகு ஆர்.ஓ. கழிவு நீர், கடைசியில் மற்றவை. வீட்டுக்கு வீடு பானை வைத்தாலும் நகராட்சிகள் செய்ய வேண்டிய வேலை குறைந்துவிடாது. சாக்கடையைச் சுத்திகரிக்காத நிர்வாகத்துக்குப் பதிலாக எந்த இல்லத்தரசியும் யமுனையைக் காப்பாற்ற முடியாது. ஆனால் தன் வீட்டுக் கணக்கைச் சரியாக வைத்திருப்பவர் நிர்வாகத்திடம் கேட்கும் கேள்விக்கு ஒரு கனம் இருக்கும். ஆலப்புழையில் நகராட்சியை அசைத்தது அப்படிப்பட்ட கேள்விதான்.

குவார்ட்டர்ஸ்காரர் ஒரு நாள் சாவியைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விடுவார். தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுக்கும்போது உரப் பானையையும் சேர்த்துக் கொடுக்கலாம். அதற்கு இருப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.